வில்வண்டி முதல் பிக்கப் வரை: நம் மலையடிவாரத்துப் பட்டைகளின் கதை

சாரல் நன்றாக விழுகிறது. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை என்று கேள்வி. நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு சண்டை நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி இப்போது மேக்கரைப் பக்கம் தோப்பும் தோட்டமுமாக இருக்கிறான். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வாங்கிப் படம் போட்டான். "பின்னால ரெண்டு பட்டை கூட்டப் போறேன், முன்னால ரெண்டு இஞ்ச் தூக்கப் போறேன்" என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான். கூட்டு என்று பாதிப் பேர், கூட்டாதே என்று பாதிப் பேர். புளியரை வழியாகத் தினமும் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற இன்னொரு மாணவன் நடுவில் புகுந்து ஏதோ கோபமாகச் சொல்ல, கடைசியில் எல்லோருமாக என்னை இழுத்துவிட்டார்கள். எனக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வண்டி டிவிஎஸ் 50. ஆனால் அந்தப் பட்டைக்கு நம் ஊரில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தம்பியின் கேள்விக்கு அதிலிருந்தே ஒரு பதிலும் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுப் பெண்களுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் பட்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். வளைந்த இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். மேலே நீளமானது, கீழே போகப் போகக் குட்டை. நீளமானதன் இரண்டு முனையும் சுருண்டு கண் போல இருக்கும். அதுதான் மெயின் பட்டை. ஒரு கண் சட்டத்தோடு நேராகச் சேர்ந்திருக்கும். மறு கண் ஷேக்கிள் என்ற ஊஞ்சலில் தொங்கும். பாரம் ஏறினால் வளைவு நிமிர்ந்து பட்டை நீளுமல்லவா, அதற்குத்தான் அந்த ஊஞ்சல். நடுவில் ஒரு சென்டர் போல்ட், அதன் இருபுறமும் யு போல்ட்டுகள். சில ஊர்களில் இதைக் கமான் பட்டை என்பார்கள். கமான் என்றாலும் வில்தான், உருதுச் சொல்.

ஏன் ஒரே தடிப்பான இரும்பாக வைக்காமல் இத்தனை தகடு? இதற்கு வகுப்பில் நான் காட்டிய அடிக்கோல் வித்தை சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அடிக்கோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்து அழுத்தினால் வளையும். அதே மாதிரி இன்னொரு கோலை அதன்மேல் வைத்தால் விறைப்பு இரண்டு மடங்கு. ஆனால் இரண்டையும் பசை போட்டு ஒரே கோலாக ஒட்டிவிட்டால் விறைப்பு எட்டு மடங்கு ஆகிவிடும். கொஞ்சம் வளைத்தாலே முறியவும் முறியும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் அது வில். வழுக்காமல் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அது வெறும் கட்டை. நம் ஊர்ச் சாரலில் அந்தத் துரு எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி சரித்திரம்.

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-இல் குதிரை வண்டிக்கு நீள்வட்ட வடிவப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே ஐரோப்பாவில் கோச்சு வண்டிகளைத் தோல் வாரில் தொங்கவிட்டும் இரும்பு வில்லில் நிறுத்தியும் பார்த்திருக்கிறார்கள். எலியட்டின் வில் வண்டியின் உடம்பை நேரே அச்சின் மேல் உட்கார வைத்தது. வண்டியின் கனம் குறைந்தது. அந்தச் சங்கதி வெள்ளைக்காரர்களோடு கடல் தாண்டி வந்து நம் மாட்டு வண்டிக்குள் புகுந்ததும் அதற்கு வில்வண்டி என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தெரிந்து தமிழில் வில்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் வண்டி அது ஒன்றுதான். அதற்குக் காரணம் உண்டு. மற்ற வண்டிகளில் வில் இல்லை.

பார வண்டிக்கு இருசுக் கட்டை, குடம், ஆரக்கால், வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. அவ்வளவுதான். பைதா கல்லில் ஏறினால் அந்த அடி அப்படியே மேலே வரும். நெல் மூட்டைக்கு முதுகு வலிக்காது. மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்தவனுக்கு வலித்தது. அவனுக்காக யாரும் வில் வைக்கவில்லை. கூண்டு போட்டு, வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்த வில்வண்டி பெரிய வீட்டுக்காரர்களுக்கும் வைத்தியருக்கும் வக்கீலுக்கும். அதிலும் ஷாக் அப்சார்பர் என்று எதுவும் கிடையாது. தகடும் தகடும் உரசுகிற உரசலே ஆட்டத்தை அடக்கியது. அதனால்தான் வில்வண்டிக்காரர் தகடுகளுக்கு நடுவே எண்ணெய் விடுவதில் ஒரு கணக்கு வைத்திருப்பார். கூடிப்போனால் ஊஞ்சலாக ஆடும், குறைந்துபோனால் கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடும்.

என் ஆச்சி சொல்லிக் கேட்டது ஒன்று. என் அம்மாவின் தங்கை பிறக்கிற நேரம். பிரசவம் சிக்கலாகித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஊரில் இருந்த ஒரே வில்வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வண்டி தருவதில் அந்த வீட்டுக்காரருக்கு மறுப்பு இல்லை. ஆனால் வண்டி எங்கள் தெருவுக்குள் வராது. பெரிய தெரு முக்கு வரை ஆச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஏற்ற வேண்டும். அப்படித்தான் போனார்கள். திரும்பி வந்தது பார வண்டியில், கையில் குழந்தையோடு. "போகும்போது தெரியல, வரும்போதுதான் ஒவ்வொரு கல்லையும் எண்ணினேன்" என்பாள். இதைக் கோபமாகச் சொல்ல மாட்டாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வாள்.

இதைச் சொன்னால் அய்யன்காளியைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர். புலையர் சமூகம். அந்தக் காலத் திருவிதாங்கூரில் அவர்கள் பொதுச் சாலையில் நடக்கவே தடை. அவர் 1893-இல் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளைக் காளைகளைப் பூட்டி, வெள்ளை வேட்டி சட்டை, தலைப்பாகையோடு, நடக்கக் கூடாது என்று சொன்ன சாலையில் அந்த வண்டியில் உட்கார்ந்து போனார். வழியில் மறித்தார்கள், அடிதடி நடந்தது. அவர் நிறுத்தவில்லை. மலையாளத்தில் அதை வில்லுவண்டி யாத்திரை என்றே சொல்கிறார்கள். அவர் பார வண்டியில் போயிருந்தால் இத்தனை ஆத்திரம் வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. சாலை ஒரு உரிமை என்றால், வில் இன்னொரு உரிமை. அலுங்காமல் உட்கார்ந்து போவது யாருக்கு என்ற கேள்வி அதில் இருந்தது. பின்னால் அவரே தம் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வயல் வேலையை நிறுத்த வைத்தார். வாத்தியார் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

வேறு ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். செங்கோட்டை அப்போது அதே திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல்தான் அது நம் மாநிலத்தோடு சேர்ந்தது. தென்காசி வெள்ளைக்காரன் சீமை, எட்டு கிலோமீட்டர் தள்ளி மகாராஜா சீமை. நடுவே ஓடிய சாலையில் இரண்டு பக்கத்து வண்டிகளும் போய் வந்தன.

அந்தச் சாலைதான் புளியரை, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு இறங்குவது. இங்கிருந்து நெல்லும் பருப்பும், அங்கிருந்து தேங்காயும் பாக்கும் கருவாடும். ஏற்றத்தில் காளைக்கு வேலை. இறக்கத்தில் வண்டிக்காரனுக்கு வேலை: பைதாவில் கட்டையை அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். 1904-இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்ததும் நீண்ட தூரப் பாரம் ரயிலுக்குப் போய்விட்டது. கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தை நீங்கள் எல்லோரும் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ரயில் மலையைத் தாண்டியது. ஆனால் மலைக்குள் போகவில்லை. தோட்டத்துக்கும் அருவிக்கு மேலே இருக்கும் காட்டுக்கும் தலைச்சுமையும் கழுதையும்தான் இன்னும் பல காலம்.

அங்கே ஏறியது ஜீப்.

1940-இல் அமெரிக்க ராணுவம் சிறிய நாற்சக்கர ஓட்ட வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, பாண்டம் என்ற சிறிய கம்பெனி 49 நாளில் முதல் வண்டியைச் செய்து செப்டம்பர் 23 அன்று கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அந்த வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பட்டைதான், வில்வண்டியில் இருந்த அதே சங்கதி. அதில் ஒரு சுவையான செய்தி. இடது முன் பட்டையில் மட்டும் கூடுதலாக ஒரு துணைப் பட்டை வைத்தார்கள். பாரத்துக்காக இல்லை. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு வண்டி ஒரு பக்கம் இழுத்ததைத் தடுக்க. பட்டை கூட்டுவது என்பது எடைக்காக மட்டும் செய்கிற காரியம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டைக்கும் பிரேக்குக்கும் அன்றே தொடர்பு இருந்தது. இதற்குக் கீழே மறுபடி வருகிறேன்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. நம் நாட்டில் 1945-இல் லூதியானாவில் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமது என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினையில் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே நிதி மந்திரியாகி, பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. 1949-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் ஐம்பது வருஷம் நம் மலையில் எஸ்டேட், போலீஸ், வனத்துறை, சுகாதாரத் துறை, தேர்தல் எல்லாவற்றுக்கும் ஜீப்தான்.

நான் அந்த வண்டியை நன்றாக அறிந்துகொண்டது 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில். மலைக்கு மேல் ஒரு வாக்குச்சாவடி எனக்கு விழுந்தது. வாக்குப் பெட்டி, மை, சாக்கு, அரக்கு, ஐந்து பேர், ஒரு போலீஸ்காரர். பாதை என்பது மழைத் தண்ணீர் அரித்துவிட்டுப் போன கல் ஓடை. பாதி மலையில் "டங்" என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின் மெயின் பட்டை சென்டர் போல்ட் ஓட்டையில் முறிந்திருந்தது. அங்கேதான் அது வழக்கமாக முறியும். யு போல்ட் தளர்ந்தால் பட்டை அந்த இடத்தில் அசைந்து அசைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல ஒடிந்துவிடும். டிரைவர் அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு கட்டையை வெட்டி அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினார். கிழிந்த டயர் டியூபால் இறுக்கிச் சுற்றினார். "சார், இனி வில் கிடையாது, நீங்களே வில்" என்றார். மீதி தூரம் முழுவதும் நாங்கள் நின்றுகொண்டே முழங்காலை மடக்கி மடக்கிப் போனோம். வாக்குப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தார்.

மறுநாள் அதே ஜீப் தென்காசியில் ஒரு பட்டறையில் நின்றதைப் போய்ப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கிற புத்தி. அந்த மேஸ்திரி பட்டைகளைக் கழற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, வரிசையாகத் தரையில் வைத்திருந்தார். படுத்துப் போன பட்டைகளைப் பட்டடைக் கல்லில் வைத்து அங்குலம் அங்குலமாகச் சுத்தியலால் தட்டி வளைவை ஏற்றினார். அடுப்பில் போட்டுக் காய்ச்சினால் சீக்கிரம் முடியுமே என்றேன். "முடியும் சார், மூணு மாசத்துல மறுபடி படுத்துரும்" என்றார். சரியான பேச்சு. பட்டைக்கு வரும் எஃகில் சிலிக்கானும் மாங்கனீசும், அல்லது குரோமியமும் சேர்ந்திருக்கும். அதைச் சரியான சூட்டில் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினால்தான் வில்குணம் நிற்கும். தெருவோர அடுப்பில் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். அவர் பள்ளிக்கூடமே போனதில்லை என்றார்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. டாடா 207 வந்தது, 2000-இல் பொலேரோ, 2005-இல் குட்டி யானை. 2016-இல் இசுசு டிமேக்ஸ் விகிராஸ், 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ். முன்பக்கம் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் ஆகிவிட்டது. 2020-இல் வந்த புதுத் தாரில் பின்னாலும் சுருள்தான். ஆனால் பிக்கப் என்று பெயர் வைத்தால், முப்பது லட்ச ரூபாய் வண்டியானாலும் பின்னால் பட்டைதான். சுருள் ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கும். அச்சு முன்னே பின்னே ஓடாமல் இருக்கத் தனியாகத் தண்டுகள் வேண்டும். பட்டை இரண்டு வேலையையும் தானே செய்கிறது. பாரத்தைச் சட்டத்தில் இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. உடைந்தால் எந்த ஊரிலும் மாற்ற ஆள் உண்டு. இருநூறு வருஷச் சரக்கு இன்னும் ஓடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்போது தம்பியின் இரண்டு பட்டைக்கு வருகிறேன்.

பிக்கப்பின் பின் பட்டை பாரத்துக்குச் செய்தது. கீழே ஒன்றோ இரண்டோ தடித்த பட்டை சும்மா இருக்கும். பாரம் ஏறி மேல் பட்டைகள் நிமிர்ந்த பிறகுதான் அது வேலைக்கு வரும். அதாவது காலி வண்டிக்கு ஒரு வில், பார வண்டிக்கு ஒரு வில் என்று கம்பெனிக்காரனே யோசித்து வைத்திருக்கிறான். அதற்கு மேல் இரண்டு பட்டை கூட்டினால் வண்டி பின்னால் தூக்கி நிற்கும். கூடுதல் மூட்டை ஏற்றினாலும் உட்காராது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூடியது பட்டை மட்டும். அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கின்றன.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். காய்கறி வண்டி மாணவன் குழுவில் கோபமாகச் சொன்னது இதைத்தான். அவன் சொன்ன விதத்தில் யாருக்கும் புரியவில்லை. பல பிக்கப்புகளில் சட்டத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கை பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏறினால் சட்டம் தாழும், கை நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் சட்டம் உயரும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் காலி வண்டியில் பின் பைதா பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். எல்எஸ்பிவி என்று அதற்குப் பெயர். வால்வுக்கு மூட்டையைப் பார்க்கக் கண் கிடையாது. சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி ஒன்றுதான் அதற்குத் தெரியும். நீ இரண்டு பட்டை கூட்டி, முழுப் பாரம் ஏற்றியும் வண்டியை உயரத்திலேயே நிறுத்திவிட்டால், வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன் பிரேக் தனியாக இழுக்கும், சூடேறும். இதோடு புளியரை எஸ் வளைவில் சாரலில் இறங்குவதை நினைத்துப் பார். பட்டறையில் பட்டை கூட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த வால்வின் கையைத் திரும்ப அமைத்துக் கொடுப்பதில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. பிக்கப் காலையில் ஆட்களோடு மேலே போகிறது, சரக்கோடு இறங்குகிறது. அல்லது சரக்கை இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஆட்களோடு திரும்புகிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. தேனிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளில் ஆட்களை அடைத்துக்கொண்டு போவதைப் பற்றி எத்தனை செய்தி படித்திருக்கிறோம். ஆனாலும் நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் நின்றுகொண்டும் பக்கச் சுவரில் உட்கார்ந்தும் போகிறவர்களில் பாதிப் பேர் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். சிலர் என் மாணவிகளின் அம்மாமார். சிலர் என் மாணவிகளே.

மனித உடம்பு நடக்கும்போது நொடிக்கு ஒன்றிரண்டு தடவை ஏறி இறங்குகிறது. வண்டியும் அந்த வேகத்தில் அசைந்தால் உடம்பு பழகிய ஆட்டம் என்று பொறுத்துக்கொள்ளும். நொடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரை குலுங்கினால்தான் முதுகெலும்பும் வயிறும் அதிகம் வாங்கிக்கொள்கின்றன. வில் விறைக்க விறைக்க, பாரம் குறையக் குறைய, குலுக்கல் வேகமாகும். ஒன்றரை டன்னுக்குச் செய்த வில்லின் மேல் எட்டுப் பெண்கள் என்றால் அது கிட்டத்தட்டக் காலி வண்டி. அதில் இன்னும் இரண்டு பட்டை கூட்டினால் என் ஆச்சி எண்ணிய கல் கணக்கை இவர்கள் எண்ண வேண்டியதுதான். டிரைவர் சீட்டில் உட்காருகிறவனுக்கு மெத்தை உண்டு, முன்னால் சுருள் ஸ்பிரிங் உண்டு. அவனுக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில். பட்டை கூட்டாதே. பணம் செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் செலவு செய்ய வேறு இடங்கள் இருக்கின்றன. முதலில் வண்டியைக் காலியாகச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு பைதாவின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அள. நான்கு அளவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அள. இடம் வலம் வித்தியாசம் வந்தால், போன தடவையை விடக் குறைந்தால், பட்டை படுக்கிறது என்று அர்த்தம். என் வகுப்பில் நோட்டு போடாதவன் நீ, இதையாவது போடு.

அடுத்து ஷாக் அப்சார்பர். வில்லுக்கு வாங்கி வைக்கத்தான் தெரியும். வாங்கியதைச் சூடாக மாற்றித் தொலைப்பது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். இந்தியாவில் கேப்ரியல் கம்பெனி 1961-இல் தொடங்கியதிலிருந்து நம் வண்டிகளுக்கு அது கிடைக்கிறது, வில்வண்டிக்காரருக்குக் கிடைக்காத பாக்கியம். எண்ணெய் கசிந்து உடம்பெல்லாம் மண் ஒட்டியிருந்தால் அது செத்துவிட்டது. கல்பாதையில் ஓடும் வண்டிக்குத் தரமான ஷாக் அப்சார்பர் போடுவதுதான் உண்மையான முன்னேற்றம். பின்னால் நிற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

ஷேக்கிள் புஷ் தேய்ந்தால் மாற்று. ரப்பர் புஷ் போடும்போது போல்ட்டை வண்டி தரையில் தன் காலில் நின்ற பிறகு கடைசி முறுக்கு முறுக்கச் சொல். தூக்கி வைத்தபடியே முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே உட்கார்ந்து சீக்கிரம் கிழியும். யு போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போடு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கு. 1989-இல் நான் கேட்ட "டங்" உனக்குக் கேட்க வேண்டாம். சாரல் முடிந்ததும் தகடுகளுக்கு நடுவே இருக்கும் சேற்றை அழுத்தத் தண்ணீரால் கழுவி, துருவைத் தேய்க்கச் சொல். ஒட்டிப்போன அடிக்கோல் நினைவிருக்கட்டும்.

முன்னால் தூக்குவது பற்றி. ஒரு அங்குலம் உயர்த்தினாலும் வீல் அலைன்மென்ட் மாறும், பிரேக் ஹோஸ் இழுபடும், வண்டியின் கனத்தின் மையம் மேலே போகும். வளைவில் அதன் விலை தெரியும். சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து போன வழக்கில் அதை உறுதி செய்தது. உன் தோட்டத்துப் பாதையில் கல் அடியில் தட்டுகிறது என்றால், நாலு ஆளை விட்டு அந்தக் கல்லை எடுத்துவிடு. மலைக்காரன் வைத்தியம் அதுதான், செலவும் குறைவு.

ஆட்களை ஏற்றுவதைப் பற்றி நேரில் வா, பேசலாம். குழுவில் வேண்டாம்.

முறிந்த பட்டை கடைசியில் எங்கே போகிறது என்று கேட்ட பேத்திக்காக இதையும் எழுதிவிடுகிறேன். கொல்லன் பட்டறைக்குத்தான். நம் பக்கத்து அரிவாளில் பாதி, லாரிப் பட்டையில் அடித்தது. வில்லுக்கு வேண்டிய எஃகுதான் வெட்டுக்கும் வேண்டும். உங்கள் அடுப்படியில் தேங்காய் வெட்டுகிற அரிவாளைப் பாருங்கள். சிலவற்றில் சென்டர் போல்ட் ஓட்டையின் பாதி வளைவு காம்புப் பக்கம் இன்னும் தெரியும்.

உங்கள் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ வில்வண்டி நிற்கும் பழைய படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். வண்டியின் பட்டை தெரிகிற மாதிரி இருந்தால் மிகவும் நல்லது. கூண்டுக்குள் இருப்பவர்களைவிட, வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்றும் தெரிந்தால் எழுதுங்கள்.